சுவருக்குக் காய்ச்சல்

ஏசி பூட்ட வந்தவர் எங்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேற்குச் சுவரின் உச்சியில் இருக்கிற காற்று ஓட்டைகளைக் காட்டி, "அத அடைக்கணும் டீச்சர். இல்லாட்டி குளிர் நிக்காது" என்றார். அடைக்க முடியாது என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார். நான் முடியாது என்று சொன்னால் கூரையைப் பார்க்க வேண்டும் என்பது, கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம்.

ஏசி கடைசியில் முன்னறையில் பூட்டப்பட்டது. விருந்தாளிகள் வந்தால் போடுகிறோம். எங்கள் அறையில் ஓட்டைகள் திறந்தே கிடக்கின்றன. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அவற்றின் வழியாகத் தூசியும் வைக்கோல் துரும்பும் கட்டிலில் வந்து விழும். கூட்டிக்கொள்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு வெறும் வளவு, இப்போது ஒரு மாடி வீடு எழும்பியிருக்கிறது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒரு பூனை போகலாம், ஆள் போக முடியாது. ஆனாலும் கச்சான் அடிக்கிற நாட்களில், பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சற்றே சாய்ந்தால், சுவரின் வெளிப்பக்கம் யாரோ வாளியால் தண்ணீர் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. மாடி வீட்டுக்காரரின் டாங்கி நிரம்பி வழிகிறது என்கிறார் கணவர். இருக்கலாம். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஓட்டைகளை அடைக்கச் சொன்னால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அந்த ஓட்டைகள் வழியாக ஒரு மனிசி என்னோடு கதைத்திருக்கிறார்.

ஊரில் பிள்ளைகள் அவரைச் சாக்கு மாமி என்பார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான். அவர் கோபித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. மெலிந்த உடம்பு, எப்போதும் பாதி நனைந்த சேலை, தோளில் மடித்துப் போட்ட ஒரு சாக்கு. யாருடைய வீட்டுக்குள் போனாலும் அவர் முதலில் செய்கிற வேலை சுவரைத் தொட்டுப் பார்ப்பது. ஸலாம் அதற்குப் பிறகுதான். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால் தொடுவார். பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பார். பிறகு, "செவருக்குக் காச்சல் புள்ள. இதுக்குள்ள மனிசர எப்பிடிப் படுக்க வைக்கிற?" என்பார். வீட்டுக்காரிக்குக் கோபம் வரும். யாருக்குத்தான் வராது? ஒருத்தி காலையிலிருந்து கூட்டிப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிற வீட்டுக்குள் வந்து, உன் சுவர் நோயாளி என்றால்?

நிந்தவூர்க்காரருக்குக் கச்சானைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மேற்கே மலைநாட்டைத் தாண்டி, வயல்வெளியெல்லாம் காய்ச்சிக்கொண்டு இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊருக்கு வருகிற காற்று அது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கும், ஆனால் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் அந்தக் கடலால் ஒரு பயனும் இல்லை. காலை ஏறும்போதே மேற்குச் சுவர் சூடேறத் தொடங்கிவிடும். பகலில் சாய்ந்து உட்கார முடியாது. மின்விசிறியைப் போட்டால் அதே சூட்டை அள்ளி முகத்தில் எறியும்.

இந்தக் காற்றோடுதான் மாமிக்குச் சண்டை. விடியற்காலை சுபஹுத் தொழுதவுடன் கடல் பக்கச் சன்னல்களை அகலத் திறக்க வேண்டும், வெயில் தலை காட்டுமுன் எல்லாவற்றையும் சாத்த வேண்டும், மேற்குச் சுவரின் வெளிப்புறம் கம்பு சாத்தி ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும், கூரைத் தகரத்தின்மேல் தென்னோலைக் கிடுகு பரப்ப வேண்டும், அஸருக்குப் பிறகு முற்றத்து மணலில் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடியும் கடல் பக்கத்தைத் திறக்க வேண்டும். இவை ஒன்றும் அவர் கண்டுபிடித்தவை அல்ல, எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தெரிந்ததைத் தினமும் செய்வதற்கு எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அவருக்கு அதைத் தவிர வேறு வேலை இருந்ததாக நினைவில்லை.

சாக்கு என்றால் சணல் சாக்கு. ஊரெல்லாம் பிளாஸ்டிக் உரப் பைகள் வந்தபிறகு சணல் சாக்கு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அரிசி ஆலை, பலசரக்குக் கடை, கல்யாண வீட்டுச் சமையல் கொட்டில் என்று எங்கே ஒரு பழைய சாக்கு கிடந்தாலும் மாமி கேட்டு வாங்கிவிடுவார். யாரோ ஒருமுறை உரப் பையைக் கொடுத்து, இதுவும் சாக்குத்தானே என்றதற்கு, அதை வாங்கி, அவர் முன்னாலேயே தண்ணீர் ஊற்றி, தண்ணீர் வழிந்து மண்ணில் போவதைக் காட்டி, "தண்ணி குடிக்காததெல்லாம் சாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தப்பே செய்யாத மனிசி என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவருக்குக் காலில் முறிவு, அறையை விட்டு எழும்ப முடியாது. மாமி போய், சன்னலெல்லாம் சாத்தி, அறைக்கு உள்ளேயே ஈரச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். அஸருக்குள் அறை இடியப்பம் அவித்த சட்டி மாதிரி ஆகி, அதிபருக்கு மூச்சு இழுத்து, ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமி பின்னாலேயே ஓட்டோவில் போய், வார்டு வாசலில் நின்று அழுதாராம். அதிபர் பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு மாமிக்கு ஒரு சட்டம் பிறந்தது. "தண்ணி வெளியால, காத்து உள்ளால. ரெண்டையும் ஒரே அறைக்குள்ள பூட்டப்படா." அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஈரச் சாக்கை அவர் உள்ளே கொண்டுபோகவில்லை.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கல்முனைப் பக்கம் கடற்கரையில் வீடு இருந்தது, சுனாமியில் கணவனும் பிள்ளையும் போய்விட்டார்கள், கொஞ்சக் காலம் தகரக் கொட்டிலில் அகதியாக இருந்தார், பிறகு எங்கள் ஊர் எல்லையில் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்து இங்கே வந்தார். எங்கள் கரையில் இது அபூர்வமான கதை இல்லை. ஆகவே யாரும் தோண்டிக் கேட்கவில்லை. தங்கை ஒருத்தி அட்டாளைச்சேனையில் இருந்தார், பெருநாளுக்குப் பெருநாள் வந்து போவார். மாமியின் வீட்டுக்குப் போனால் வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, பாலில்லாப் பிளேன்டி ஊற்றித் தருவார். உள்ளே யாரையும் கூப்பிட்டதில்லை. மற்றவர் வீட்டையே இப்படிக் குளிர வைக்கிற மனிசியின் வீடு உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவருக்குக் கெட்ட பெயர் வந்தது ஒரு ஜனாஸா வீட்டில், அதாவது சாவு வீட்டில். அரிசி ஆலைக்கார ஹாஜியார் ஒருவர் கச்சான் காலத்தில் மவுத்தானார். மகன் சவூதியில். வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எடுக்க வேண்டாம் என்று அவன் தொலைபேசியில் அழுதான். மையித்தை அடக்காமல் வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்களில் விருப்பமான காரியம் இல்லை, அதிலும் அந்தச் சூட்டில். யாரோ மாமியைக் கூப்பிட்டார்கள். அவர் கூரையில் கிடுகு போடச் சொல்லி, சுவரை நனைத்து, கடற்கரை வாடியிலிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டி எடுப்பித்து, பேசின்களில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். மகன் மறுநாள் வந்து வாப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "இஞ்ச ஏசி இரிக்கா?" என்று கேட்டானாம்.

அதற்குப் பிறகு ஜனாஸா தாமதமாகிற வீடுகளில் எல்லாம் அவரைத் தேடினார்கள். பிறகு கடுமையான நோயாளிகள் கிடக்கிற வீடுகளில் தேடினார்கள். தேடாத வீடுகளுக்கும் அவரே போனார். சாகக் கிடக்கிறவர்களின் அறைக்குப் போகிற ஒருவர் போன இடமெல்லாம் சாவு நடக்கத்தானே செய்யும்? இந்தக் கணக்கு யாருக்கும் ஓடவில்லை. படுக்கையில் கிடந்த ஒரு வயற்காரப் போடியார், வாசலில் மாமி சாக்கோடு நிற்பதைக் கண்டு, "அவவ அனுப்புங்க. எனக்கு இன்னம் நேரம் வரல்ல" என்று கத்தினார். மனுசன் அதற்குப் பிறகு இரண்டு வருட நோன்பு பிடித்துவிட்டுத்தான் போனார். ஊர் அந்த நோன்புகளைக் கணக்கில் எடுக்கவில்லை, கூச்சலைத்தான் எடுத்துக்கொண்டது.

எங்கள் வீட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். நான் அட்டாளைச்சேனைக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம், வாப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். உம்மாதான் மாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். மாமி வந்து, சுவரைத் தொட்டு, உம்மாவுக்கு ஏச்சுக் கொடுத்து, அன்றே சாக்குக் கட்டினார். வாப்பாவுக்கு அந்த அறை பிடித்துப் போயிற்று. கோணிய வாயால், "கடக்கரைல கிடக்கிற மாதிரி இரிக்கி" என்று சொன்னார். உம்மாவும் மாமியும் அப்போதெல்லாம் சிநேகிதிகள் மாதிரி. ஒன்றாகத் தண்ணீர் அள்ளுவார்கள், ஒன்றாகப் பிளேன்டி குடிப்பார்கள். வாப்பா ஒரு பகல்நேரம், மாமி சாக்கு நனைத்துக்கொண்டிருக்கும்போதே, போய்விட்டார்.

உம்மா அதற்குப் பிறகு ஈரச் சாக்கு மணத்தைத் தாங்கமாட்டார். நெல் மூட்டை மழையில் நனைந்து அந்த மணம் வந்தாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். மாமியைத் தெருவில் கண்டால் வேலிக்குள் வந்துவிடுவார். எனக்கு உம்மாவைப் பிழை சொல்ல மனம் வரவில்லை. துக்கத்துக்கு யாராவது ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் சிலருக்கு நித்திரை வரும்.

மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக நாடு கிடந்த வருடம்தான் என் மகள் பிறந்தாள். கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த பிள்ளை. ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று கச்சான் உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் நாற்பது முடியும்வரை காற்றுப்படாமல் வைப்பது எங்கள் வழக்கம். அதிலும் கச்சான் பட்டால் பிள்ளைக்கு மாந்தம் வரும் என்பது உம்மாவின் அசைக்க முடியாத கொள்கை. எல்லாச் சன்னலும் சாத்தியாயிற்று. சுவரின் உச்சியில் இருக்கிற காற்று ஓட்டைகளுக்குள் பழந்துணியைச் சுருட்டித் திணித்தாயிற்று. உள்ளே சாம்பிராணிப் புகை. எனக்குக் குடிக்கப் பிள்ளைப்பேற்றுச் சரக்குகள் இடித்த காயம், அதன் காரத்தில் உடம்பெல்லாம் எரியும். பகலில் கரண்ட் இல்லை, விசிறி சும்மா தொங்கியது. மிட்வைஃப் மிஸ் வந்து, சன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்று சொன்னார். உம்மா, "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று திறந்தார். மிஸ்ஸின் ஸ்கூட்டி தெரு முனையில் திரும்பியதும் சாத்தினார்.

சில நாட்களில் பிள்ளை பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அழுவதும் குறைந்தது. நல்ல அடக்கமான பிள்ளை என்று பார்க்க வந்த பெண்டுகள் சொன்னார்கள். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது, உச்சந்தலை கொஞ்சம் குழிந்திருந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று சொன்னேன். என் கணவர் காலையிலிருந்து பெற்றோல் வரிசையில். ஓட்டோக்காரர்களும் அங்கேதான். "அவரு வரட்டும், போவம்" என்றார் உம்மா.

அன்று பகல் மாமி எங்கள் கேற்றுக்கு வந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. நான் கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

"புள்ள பெத்த ஊடு ராத்தா. நாப்பது முடிய வாங்க" என்றார் உம்மா.

"நான் உள்ளுக்கு வரல்ல. செவர மட்டும் தொட உடு. தொட்டுட்டுப் போறன்."

"தேவல்ல, போங்க."

"கச்சான் மேக்குச் செவருல அடிக்கி கா. புள்ள அந்தச் செவரோடதானே கிடக்கு?"

உம்மா, நான் அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்காத குரலில், "ஒங்கட கை பட்ட ஊட்டுல மையித்து எடுக்காம இரிந்ததில்ல. என்ட மாப்புள்ள மவுத்தானதோட போதும். இந்தப் புள்ளய உட்டுருங்க" என்றார்.

கேற்றுச் சங்கிலி போடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிள்ளை பெற்ற உடம்பு, எல்லாவற்றுக்கும் அழுகை வருகிற காலம்தான். ஆனால் அந்த அழுகைக்குக் காரணம் இருந்தது.

லுஹர் பாங்குக்குப் பிறகு, தலைமாட்டுச் சுவரின் வெளிப்பக்கம் சளார் என்று ஒரு சத்தம். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் சளார். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. அப்புறம் ஏதோ கனமான ஒன்று ஈரத்தோடு சுவரில் உராய்ந்தது. அந்தப் பக்கத்து வெறும் வளவின் சொந்தக்காரர் அப்போது கட்டாரில் இருந்தார். கிணறு மட்டும்தான் அங்கே இருந்தது. உம்மா பின்வேலிக்கு ஓடி, "என்னகா செய்ற அங்க?" என்று கத்தினார்.

"செவர நனைக்கன்."

"என்ட செவர நனைக்க ஒங்கள ஆரு கூப்பிட்ட?"

"நான் நிக்கிற எடம் ஒங்கட வளவு இல்லதானே" என்றார் மாமி. மறுபடியும் சளார்.

உம்மா வாதாட முடியாமல் திரும்பி வந்து, "பைத்தியம்" என்று சொல்லிவிட்டு, காயம் இடிக்கக் குசினிக்குப் போய்விட்டார்.

நான் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு மிகக் கிட்டத்தில், சுவரே கதைப்பது போல ஒரு குரல் கேட்டது.

"முழிப்பா புள்ள?"

"ஓம் மாமி."

"புள்ள பால் குடிக்கா?"

"இல்ல மாமி. காலையில இரிந்து குடிக்கல்ல."

வாளி கீழே வைக்கப்பட்டது. "மேல ஓட்டையில ஒங்கும்மா துணி அடைச்சிரிக்காவா?"

"ஓம்."

"உருவு."

"உம்மா ஏசுவா."

"ஏசட்டும். ஏச்சு வாங்கி ஆரும் மவுத்தானதில்ல. உருவு புள்ள."

தையல் வலியோடு கட்டிலில் ஏறி நின்றேன். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் துணியை இழுத்தேன். பிறகு அடுத்ததை. ஈரச் சாக்கு மணத்தோடு காற்று என் முகத்தில் அடித்தது. கச்சான்தான், ஆனால் ஈரச் சாக்கைத் தடவிக்கொண்டு வந்ததில் அதன் கொதி அடங்கியிருந்தது. நான் எல்லாத் துணியையும் உருவிக் கீழே போட்டேன்.

"பட்டிச்சா காத்து?"

"பட்டிச்சி."

அதன் பிறகு மாமி தண்ணீர் அடித்துக்கொண்டே கதைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஓட்டைகளிலிருந்து குரல் மட்டும் இறங்கியது.

"என்ட புள்ளயக் கடல் எடுத்த எண்டுதான் ஊரெல்லாம் கதைக்கிற. நான் ஒண்டும் சொல்றல்ல. கடல் எடுக்கல்ல புள்ள. கடல் வரக்குள்ள அது வயித்துல. அவருதான் போன. என்னத் தென்னையில போட்டுட்டுத் தண்ணி திரும்பிட்டு. எவ்வளவு காலத்துக்குப் பொறகு தங்கின புள்ள தெரியுமா? கடலே உட்டுட்டுப் போன புள்ள, இனி என்ன வரப்போகுது எண்டு நெனச்ச."

சளார்.

"தகரக் கொட்டில்லதான் கொண்டு வந்து வச்சிரிந்த. இப்பிடித்தான் கச்சான். காத்துப் படப்படா, காத்துப் படப்படா எண்டாங்க எல்லாரும். தகரம் பொருந்தாத எடமெல்லாம் நானே துணி அடைச்ச. ஒரு ஓட்டை உடல்ல. என்ட கையால."

கப்பிச் சத்தம் நின்றது.

"ஒரு நாள் லுஹருக்குப் பொறகு மடியில வச்சிட்டு இரிந்த. நல்ல நித்திரை எண்டு நெனச்ச. தொட்டுப் பாக்கன், சூடா இரிக்கி. சூடா இரிந்தா உசிர் இரிக்கி எண்டுதானே நெனைக்கிற? அஸர் போய், மஃரிபு பாங்கு சொல்லி, காத்துத் திரும்பி, தகரம் ஆறினதுக்குப் பொறகுதான் புள்ளயும் ஆறின. அப்பதான் எனக்கு வெளங்கின. அதுவரைக்கும் மையித்துக்குத் தாலாட்டிட்டு இரிந்திரிக்கன்."

குனிந்து என் மகளின் நெற்றியில் கையை வைத்தேன். சூடாக இருந்தாள். என்னவென்று சொல்வது, அந்தச் சூட்டை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஓயாமல் தண்ணீர் அடித்தார். அஸர் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்பு பிள்ளை முகத்தைச் சுளித்து, மெல்ல அழுதாள். பாலைக் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தாள். பிறகு குடித்தாள்.

உம்மா உள்ளே வந்தார். திறந்து கிடந்த ஓட்டைகளைப் பார்த்தார், நிலத்தில் கிடந்த துணிகளைப் பார்த்தார், பால் குடிக்கிற பிள்ளையைப் பார்த்தார். துணிகளைப் பொறுக்கி, மடித்து, வெளியே எடுத்துக்கொண்டு போனார். திரும்ப அடைக்கவில்லை. இரவு ஓட்டோ கிடைத்து ஆசுபத்திரிக்குப் போனோம், பிள்ளைக்குத் தண்ணீர் குறைந்துவிட்டது, நல்ல காலம், பால் குடித்துவிட்டாள் என்றார்கள். மாமி சொன்ன கதையை மறுநாள் உம்மாவிடம் சொன்னேன். உம்மாவின் கையிலிருந்த உலக்கை உரலுக்குள் அப்படியே நின்றது.

நாற்பது முடியும்வரை லுஹருக்குப் பிறகு சுவரில் தண்ணீர் விழுந்தது. உம்மா அவரைக் கூப்பிடவும் இல்லை, விரட்டவும் இல்லை. நாற்பதுச் சாப்பாட்டை மாமியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், விருந்துக்கு அழைக்கவில்லை. நான் அழைக்கச் சொன்னபோது, "எந்த முகத்தோட?" என்று கேட்டார்.

மகள் நடக்கத் தொடங்கியபின் தெருவில் சில தடவை மாமியைச் சந்தித்திருக்கிறோம். ஊரில் எல்லாச் சுவரையும் தொடுகிற மனிசி, என் மகளைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "தூக்குங்க மாமி" என்று நான் சொன்னேன். "வேணா புள்ள, கை ஈரம்" என்றார். கை காய்ந்துதான் இருந்தது. உம்மா சொன்ன சொல் அவருடைய கைகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதைத் துடைக்கிற சொல் என்னிடம் இருக்கவில்லை.

போன கச்சானில் மாமி மவுத்தானார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் சேலையை மாற்றுவதற்குள் உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

வீட்டுத் திட்டத்து வீட்டுக்குள் அன்றைக்குத்தான் நாங்கள் முதல்தடவை போனோம். முன்னறையில் கட்டில், மடித்த பாய், அடுக்கி வைத்த சாக்குகள். யாரும் படுத்த அடையாளம் இல்லை. மையித்து அங்கே இல்லை. பின்வளவில், பழைய தகரங்களால் அடித்த ஒரு சின்னக் கொட்டிலுக்குள் இருந்தது. அகதியாக இருந்த கொட்டிலின் தகரங்களை மாமி அங்கே கொண்டுவந்து அடித்து வைத்திருந்தார் என்று தங்கை சொன்னார். இரவானாலும் பகலானாலும் அதற்குள்தான் போய்ப் படுப்பாராம். மரமில்லை, கிடுகில்லை, ஒரு சொட்டு ஈரமில்லை. தகரத்தின் ஒவ்வோர் இடுக்கிலும் துணி அடைத்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. பாயில் மாமி கிடந்தார். டொக்டர் வந்து பார்த்து, காலையிலேயே உயிர் போய்விட்டது என்று சொல்லிப் போயிருந்தார். ஆனால் குளிப்பாட்ட வந்த பெண்டுகள் சுவரோரமாக நின்றார்கள். தங்கை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தொட்டுப் பாருங்க. கை சூடா இரிக்கி. என்ட ராத்தா மவுத்தாகல்ல."

குளிப்பாட்டுகிறவர்களில் மூத்தவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "சூடுதான். இந்தச் சூட்டோட எப்பிடித் தூக்கிற?" என்றார். ஒருவரும் அசையவில்லை. சுவர் வழியாக மாமி சொன்ன தாலாட்டு எனக்கு நினைவு வந்தது.

உம்மாதான் அசைந்தார். தகரச் சுவருக்குப் போய், இடுக்கில் இருந்த ஒரு துணியைப் பிடித்து இழுத்தார். அடுத்ததை இழுத்தார். சுற்றி வந்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் உருவினார். பிறகு வெளியே போனார். கப்பி கிறீச்சிட்டது. முன்னறையில் இருந்த சாக்குகளை நான் அள்ளிக்கொண்டு ஓடினேன். உம்மா வாளியைத் தூக்கித் தகரத்தில் அடித்தார். கொதித்த தகரம் சீறி, ஆவி எழும்பியது. மறுபடியும் அடித்தார். வாப்பா போன நாளிலிருந்து அந்த மணத்துக்கு மூக்கைப் பொத்துகிற மனிசி, ஈரச் சாக்கை இரண்டு கையாலும் அணைத்து எடுத்துத் தகரத்தில் தொங்கவிட்டார். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது. அழுதாரா என்று தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர்.

கிணற்றுக்கும் கொட்டிலுக்குமாக நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். மற்றப் பெண்டுகளும் வாளி எடுத்தார்கள். அஸர் பாங்கு சொல்லி, கடற்காற்றுத் திரும்பி, தகரத்தின் சத்தம் அடங்கியபோது உம்மா உள்ளே வந்து பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். புறங்கையை மாமியின் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"ஆறிட்டா" என்றார். "இனித் தூக்குங்க."